இருமல் இருந்த இடம்

கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள் கண்ணுகளா. கதவோரம் நிற்கிறவர்களும் உள்ளே வாருங்கள். பாதி உடம்பை வெளியே வைத்துக்கொண்டு கேட்டால் பாதிக் கதைதான் கிடைக்கும். இன்றைக்கு ஒரு பாட்டுக்காரியின் கதை சொல்லப்போகிறேன். மேடை ஏறினவள் இல்லை, கைதட்டல் வாங்கினவள் இல்லை. உட்கார்ந்து பாடச் சொன்னால் ஒரு வரிகூட வராது அவளுக்கு. அவள் பாடின பாட்டு ஒன்றில், நடுவிலே ஒரு மூச்சு விடுகிற நேரத்துக்கு ஒன்றுமே கேட்காது. அந்த ஒன்றுமில்லாத இடம் ஒரு கூடத்தையே என்ன பாடு படுத்தியது என்று சொல்லி முடித்துவிட்டுத்தான் உங்களை அனுப்புவேன்.

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது அவளுடைய அடையாள அட்டையில் பத்திரமாக இருந்தது. வாயால் கூப்பிடுகிறவர்களுக்கெல்லாம் அவள் துருதுருதான். பல் தேய்த்துக்கொண்டே வீட்டைப் பெருக்குவாள். டீயை நடந்துகொண்டே குடிப்பாள். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, குதிகாலை உயர்த்தி இறக்கிக்கொண்டு நிற்பாள். "நீ ஒரு இடத்துல உக்காந்தா பூமி சுத்தறது நின்னுடுமா?" என்று அவள் புருஷன் கேட்பான். "நின்னாலும் நின்னுடும், எதுக்கு வம்பு?" என்பாள். அவன் சரக்கு வண்டி ஓட்டுகிறவன். நாளெல்லாம் உட்கார்ந்தே உழைக்கிறவனுக்கு, நாளெல்லாம் நின்றே உழைக்கிறவளின் கால் புரியாமல் போனதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

அவள் வேலை பார்த்தது ஒரு சலவைக்கூடத்தில். ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகள் மூட்டை மூட்டையாக அங்கே வந்து இறங்கும். யார் யாரோ படுத்தது, யார் யாரோ அழுதது, யாரோ பிறந்தது, யாரோ போய்ச் சேர்ந்தது, எல்லாம் அந்தத் துணியில் இருக்கும். ப்ளீச்சிங் தொட்டியில் ஊறி, பெரிய பெரிய இயந்திரங்களில் புரண்டு, நீராவி உருளைக்குள் நசுங்கி வெளியே வரும்போது எந்தத் துணிக்கும் எந்த ஞாபகமும் இருக்காது. வெள்ளை வெளேர் என்று, சுடச்சுட, மடிக்கிற கூடத்துக்கு வரும்.

ஒரு விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு எதிரும் புதிருமாக நிற்பார்கள். படீர் என்று ஓர் உதறல். முனையோடு முனை சேர்த்து, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து, ஒருத்தி கையில் கொடுத்துவிட்டு மற்றவள் குனிந்து மடிப்பை எடுத்துக்கொண்டு மறுபடி பின்னாலே போவாள். வருவது, கொடுப்பது, குனிவது, போவது. தூரத்திலிருந்து பார்த்தால் ஏதோ ஆட்டம் என்று நினைப்பீர்கள். ஆடுகிறவர்களின் இடுப்பைக் கேட்டால் தெரியும்.

துருதுருவுக்கு எதிரே நின்று மடித்தவள் நெட்டையக்கா. பெயரிலேயே ஆள் இருக்கிறாள், நான் வேறு சொல்ல வேண்டாம். துருதுரு அவளுடைய தோளுக்குக்கூட வரமாட்டாள். இவர்கள் இரண்டு பேரும் பிடித்தால் விரிப்பு சரிந்த கூரை மாதிரி இருக்கும். "அக்கா, கொஞ்சம் முட்டிய மடக்குங்களேன்" என்பாள் துருதுரு. "நீ வேணா ஒரு செங்கல்ல ஏறி நில்லுடி" என்பாள் அக்கா. பல வருஷமாக இதே பேச்சு, இதே சிரிப்பு. ஜோடி மாற்றிக்கொள்ளச் சொல்லி யார் யாரோ சொல்லிப் பார்த்தார்கள். இரண்டு பேரும் காதிலேயே வாங்கவில்லை.

அந்தக் கூடத்துக்கு ஒரு பக்கம் முழுக்க ஜன்னல்கள். முன்னெல்லாம் திறந்திருக்கும், தெருவில் போகிற சைக்கிள் மணி கேட்கும், மழை வந்தால் மண்வாசனை வரும். பிறகு புதிதாக ஓர் இயந்திரம் வாங்கினார்கள். அதற்கு இடம் வேண்டும் என்று, கொட்டகையில் தனியாக இருந்த ப்ளீச்சிங் தொட்டியை மடிக்கிற கூடத்தின் மூலைக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். அதோடு, வெள்ளைத் துணியில் தெருத்தூசி படிகிறது என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் குறை சொன்னதால் ஜன்னல்களைச் சாத்தி ஆணியும் அடித்துவிட்டார்கள். தொட்டி உள்ளே வந்தது, காற்று வெளியே போனது. கண் எரிந்தது. தொண்டையில் யாரோ உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பதுபோல இருந்தது. ஒவ்வொருத்தியாக இருமத் தொடங்கினார்கள்.

முதலில் இருமினவள், சுருட்டை முடிக்காக 'சுருட்டை' என்று பெயர் வாங்கினவள். அவளைக் கூப்பிட்டு அன்பாகத்தான் பேசினார்கள். "நோயாளிங்க படுக்கற துணி இது. இருமறவங்க தொடக்கூடாதும்மா. வீட்ல இருந்து ஓய்வு எடு, சரியானதும் சொல்லி அனுப்பறோம்." அவள் ஓய்வு எடுத்துக்கொண்டே இருந்தாள். சொல்லி அனுப்ப யாரும் வரவில்லை. அவளுக்குப் பிறகு இன்னும் சிலருக்கு ஓய்வு கொடுத்தார்கள். அதற்கப்புறம் அந்தக் கூடத்தில் யாருக்குமே இருமல் இல்லை. அதாவது, காதில் விழுகிற மாதிரி இல்லை.

நெட்டையக்காவுக்கு இருந்தது. அடிவயிற்றிலிருந்து கிளம்பி அவளுடைய உயரம் முழுவதும் ஏறி வருகிற இருமல். புருஷன் இல்லை. மகள் நர்ஸ் படிப்பில் கடைசி வருஷம். "அவ கைல ஊசி புடிக்கிற வரைக்கும் இந்தத் தொண்டைய நான் புடிச்சிக்கிட்டுப் போகணும்" என்பாள். நீராவி உருளை அவ்வப்போது புஸ்ஸென்று சீறும். அக்கா அந்தச் சீறலுக்காகக் காத்திருந்து, அதற்குள்ளே இருமிக்கொள்வாள். சில சமயம் இருமல் காத்திருக்காது. அப்போது துருதுரு சட்டென்று குரலெடுத்து ஏதாவது பாடுவாள். பாட்டு அப்படித்தான் வந்தது கண்ணுகளா. ஓர் இருமலை மூட ஒரு துணி வேண்டியிருந்தது. கைக்கு அகப்பட்டது பாட்டு.

முதலில் வெறும் ராகம். நாளாக நாளாகச் சொற்களும் வந்து ஒட்டிக்கொண்டன. உட்கார ஒரு நாற்காலி இல்லாததைப் பற்றி ஒன்று. விரிப்பில் போகாமல் நிற்கிற கறை யாருடையது என்று ஒன்று. பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்குகிறவளைப் பற்றி ஒன்று. வந்து, கொடுத்து, குனிந்து, போகிற அந்த நடையின் வேகத்திலேயே எல்லாப் பாட்டும் இருந்தது. அதனால் மெதுவாக இருந்தது, மென்மையாக இருந்தது. உள்ளே கொதிக்கிறவளுக்கு வெளியே ஏன் இப்படித் தாலாட்டாக வருகிறது என்று அவளுக்கே விளங்கவில்லை.

சூப்பர்வைசருக்கு அவள் பாடினாலே ஆகாது. கண்ணாடி அறைக்குள் நெற்றியில் தைலம் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மனுஷன். இயந்திரச் சத்தத்தில் அவருக்குத் தீராத தலைவலி. கதவைப் பாதி திறந்து, "ஏம்மா, ஏற்கெனவே இங்க இருக்கற சத்தம் பத்தலையா? கழுதை வேற கத்தணுமா?" என்பார். "கழுதைக்கும் லாண்டரிக்கும் பழைய பழக்கம் சார்" என்று எங்கிருந்தோ ஒரு குரல் வரும். யார் என்று பார்ப்பதற்குள் எல்லாத் தலையும் விரிப்புக்குப் பின்னால் போய்விடும்.

இந்தப் பாட்டுகளை ஆல்பமாகப் போட வேண்டும் என்று கிளம்பியவன் அவள் கொழுந்தன். செல்போன் பழுது பார்க்கிற கடையில் வேலை; மடியில் எந்நேரமும் ஒரு கிடார். அண்ணி துணி காயப்போடும்போது முணுமுணுத்ததைக் கேட்டுவிட்டு, "அண்ணி, இது சும்மா விடற சமாச்சாரம் இல்ல" என்று பிடித்துக்கொண்டான். வீட்டில் கதவை மூடி, மின்விசிறியை நிறுத்தி, அவளை ஸ்டூலில் உட்காரவைத்து மைக்கை நீட்டினான். அவள் வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. கால் ஆடியது, கை முந்தானையை முறுக்கியது, பாட்டு மட்டும் எங்கேயோ போய் ஒளிந்துகொண்டது.

"என்ன அண்ணி, மறந்துட்டீங்களா?"

"மறக்கல தம்பி. எதுத்தாப்ல அக்கா இல்லியே. கைல துணி இல்லியே. நான் எதப் புடிச்சிக்கிட்டுப் பாடறது?"

ஆகவே, வார விடுமுறை நாளில், இயந்திரங்களெல்லாம் ஓய்ந்திருந்தபோது, காவல்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடிச் சலவைக்கூடத்தின் துணி அறையைத் திறக்கவைத்தார்கள். தரையிலிருந்து கூரைவரை மடித்த விரிப்புகள். அந்த அறையில் எதிரொலி என்பதே கிடையாது. பேசினால் வார்த்தையைத் துணி குடித்துவிடும். கொழுந்தன் மூட்டை ஒன்றின் மேல் உட்கார்ந்து கிடாரை மீட்டினான். நடுவில் ஒரே ஒரு மைக். துருதுருவும் நெட்டையக்காவும் விரிப்பைப் பிடித்தார்கள், உதறினார்கள், நடந்தார்கள். பாட்டு வந்தது. துணியின் படபடப்பே தாளமாக இருந்தது. தலையைக் கவிழ்த்துக்கொண்டு வாசித்த கொழுந்தனின் காது சந்தோஷத்தில் சிவந்திருந்ததைப் பார்த்து அக்கா கண்ணடித்தாள். அந்த ஒரு நாள் துருதுருவின் காலும் மனசும் ஒரே இடத்தில் இருந்தன.

கடைசியாகப் பாடியது ஜன்னல் பாட்டு.

*வெள்ளைத் துணிக்கு வெயில் ஆகாதாம்,*
*வீதித் தூசி ஆகவே ஆகாதாம்;*
*ஜன்னலைச் சாத்தினவரே, ஒரு வார்த்தை...*
*மூச்சுக்கு எது ஆகும், அதைச் சொல்லுங்க.*

'ஒரு வார்த்தை' என்று பாடி அவள் மூச்சு வாங்கின இடத்தில் நெட்டையக்கா இருமினாள். நீராவி உருளை சீறவில்லை, அன்றைக்கு அது தூங்கிக்கொண்டிருந்தது. துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டுதான் இருமினாள். மைக்குக்கு அதெல்லாம் பொருட்டா?

மறுநாள் கடையின் பின்னறையில் மூன்று பேருமாகக் கேட்டார்கள். அந்த இடம் வந்ததும் துருதுருவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஒரு வார்த்தை சொல்லு என்று கேட்க, அந்த இருமல் வந்து பதில் சொன்ன மாதிரி இருந்தது. நானே நினைத்திருந்தால்கூட இப்படி வந்திருக்காது என்று எழுந்து நடக்க ஆரம்பித்தாள். அந்தச் சின்ன அறையில் நடக்க இடமில்லாமல் சுவரோடு சுவராக முட்டினாள். "தம்பி, இத இப்படியே விட்டுடு. இதான் பாட்டே."

தன்னுடைய இருமலை நெட்டையக்கா வெளியே இருந்து கேட்டது அதுதான் முதல் தடவை. முகம் சுண்டிப்போயிருந்தது.

"எடுத்துடு தம்பி" என்றாள்.

"அக்கா, யாருக்குத் தெரியப் போவுது? பேரா போடப் போறோம்?"

"நம்ம கூடத்துல இருக்கறவளுங்க அத்தன பேருக்கும் தெரியும் இது யாரோடதுன்னு. ஒருத்தி வாய் போதும்."

"ஆனா அக்கா, அது உண்மைதானே..."

"உண்மைதான்டி. பாட்டுப் பாடறவ நீ, இருமறவ நான். உன் பாட்டுக்கு என் நெஞ்சு தாளம் போடணுமா?"

துருதுரு இத்தனை நாளும் அக்காவின் இருமலை மூடத்தான் பாடிக்கொண்டிருந்தாள். இன்றைக்குப் பாட்டு நன்றாக இருக்கவேண்டும் என்பதற்காக அந்த மூடியைத் தானே திறக்கப் பார்த்தோமே என்று உறைத்தது. உறைத்தும், வெட்கத்தைவிட ஏமாற்றமே பெரிதாக இருந்தது. அதுதான் அவளை இன்னும் குடைந்தது.

கொழுந்தன் எடுத்தான். ஒரே மைக்கில் பதிந்ததாயிற்றே! இருமலை எடுத்தபோது அதோடு கிடாரும் போயிற்று, துணியின் சத்தமும் போயிற்று. பாட்டின் நடுவே ஓர் ஓட்டை. "மறுபடி பாடிடலாம் அண்ணி" என்றான். அக்கா அந்த அறைப் பக்கமே இனி வரமாட்டேன் என்றுவிட்டாள். அக்கா இல்லாமல் இவளுக்குப் பாட்டு இல்லை. "சரி, கிடார மட்டும் வாசிச்சு அந்த இடத்துல ஒட்டிடறேன்" என்றான்.

"ஒட்டாத. ஓட்டை ஓட்டையாவே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுச் செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் வெளியே நடந்தாள்.

ஆல்பம் வெளியே வந்தது. பாடினவர் பெயர் கிடையாது, 'மடிப்பு' என்று தலைப்பு மட்டும். செல்போனிலிருந்து செல்போனுக்குத் தாவி, தெரியாத ஆட்களின் காதுவரை போயிற்று. எதிர்பார்த்ததைவிட நன்றாகவே போயிற்று. அங்கேதான் அவளுக்குத் தொல்லை. கேட்டவர்கள் எல்லாரும் ஒரே சொல்லைச் சொன்னார்கள்: இதமா இருக்கு. பக்கத்து வீட்டுக்காரி, "நாற்காலிப் பாட்டு போட்டா எங்க பாப்பா அப்படியே சொக்கிடுதுங்க" என்றாள். பல் டாக்டரின் காத்திருப்பு அறையில் கறைப் பாட்டு ஓடியது; கன்னம் வீங்கின மனிதர்கள் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார்கள். புருஷன் ஒரு விடுமுறை நாளில் பெருமையாகப் பாட்டுப்பெட்டியை முடுக்கிவிட்டுச் சாய்ந்தான். மூன்றாவது பாட்டுக்குள் குறட்டை. அவனை உலுக்கி எழுப்பி, "நான் திட்டிக்கிட்டு இருக்கேன், நீ தூங்கற!" என்றாள். "இவ்வளவு அழகா திட்டினா எவனுக்குத்தான் தூக்கம் வராது?" என்று திரும்பிப் படுத்தான்.

அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. நடந்தாள். கடைத்தெருவுக்கு எதற்கென்று தெரியாமல் போய் எதையும் வாங்காமல் வந்தாள். ஓடிக்கொண்டிருக்கிற பாட்டில் அந்த இடம் நெருங்கும்போதெல்லாம் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவாள். ஒரு வார்த்தை... பிறகு ஒன்றுமில்லை. பிறகு மூச்சுக்கு எது ஆகும். கேட்கிறவர்கள் அதை அழகான நிறுத்தம் என்றார்கள். அவளுக்கு அது பல் விழுந்த இடம் மாதிரி. மனசு போய்ப் போய் அதையே தடவியது. நெட்டையக்கா எதிரே நின்று வழக்கம்போல மடித்தாள், முட்டியை மடக்கச் சொன்னால் செங்கல்லில் ஏறச் சொன்னாள். ஆனாலும் இருவருக்கும் நடுவே இருந்த விரிப்பு முன்னைவிடக் கொஞ்சம் நீளமாகிவிட்டதுபோல இருந்தது.

ஒரு நாள் காலையில் கூடத்துக்குள் நுழைந்தால், சுவரில் புதிதாக ஒலிப்பெட்டிகள். சூப்பர்வைசர் கையைத் தேய்த்துக்கொண்டு வந்தார். முகத்தில் அபூர்வமாக ஒரு சிரிப்பு.

"எல்லாரும் கேட்டுக்குங்கம்மா. எங்க வீட்ல ஒரு பாட்டு போட்டாங்க, என் தலைவலியே கொறஞ்சு போச்சு. மனசுக்கு அவ்வளவு இதம். இனிமே வேலை நேரத்துல இதுதான் ஓடும். பாட்டுன்னா எப்படி இருக்கணும்னு கேட்டுத் தெரிஞ்சிக்குங்க," என்று துருதுருவை ஒரு பார்வை பார்த்தார். "சும்மா கத்தறது பாட்டு இல்ல."

பெட்டியிலிருந்து நாற்காலிப் பாட்டு வந்தது. கூடம் மொத்தமும் விரிப்புகளை உயர்த்திப் பிடித்து முகத்தை மறைத்துக்கொண்டது. வெள்ளைத் துணிகள் குலுங்கின. "நல்லா இருக்கு சார்" என்றாள் நெட்டையக்கா, கண்ணில் தண்ணீர் கோத்துக்கொள்ள. "யாரு சார் பாடறது?"

"யாரோ பெரிய ஆளா இருக்கும்மா. முறையா கத்துக்கிட்ட குரல் இது" என்றார் அவர்.

துருதுருவுக்குச் சிரிப்பு வந்த வேகத்திலேயே போயிற்று. ஜன்னலுக்கு ஆணி அடிக்கும்போது பக்கத்தில் நின்ற மனுஷன், ஜன்னல் பாட்டைத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு சொல்கூட உள்ளே இறங்கவில்லை. மழை பெய்தால் கல்லில்கூட ஈரம் தெரியும் என்று பல்லைக் கடித்தாள்.

அந்த ஓட்டை வந்தது. கூடத்தில் அதில் என்ன இருந்தது என்று எல்லாருக்கும் தெரியும். அன்றைக்குக் கதவோரம் நின்று கேட்ட காவல்காரர் வாய் சும்மா இருக்குமா? கடைசி மேசையில் மடிக்கிற ஒருத்தி, வெள்ளரிக்காய் கடிக்கிற மாதிரி, 'க்கும்' என்று ஒரு பொய் இருமல் வைத்தாள். சரியாக அந்த இடத்தில் பொருந்தியது. கொல்லென்று சிரிப்பு. மறுநாள் இரண்டு பேர் வைத்தார்கள். பிறகு அது விளையாட்டாகிவிட்டது; இயந்திரச் சத்தத்தில் கண்ணாடி அறைவரை அது எட்டவில்லை. 'ஒரு வார்த்தை' என்றதும் மேசைக்கு மேசை க்கும், க்கும். நெட்டையக்காவும் முறைக்கவில்லை. முறைக்காததோடு, உருளையின் சீறலுக்குக் காத்திருக்கிறவள் இப்போது அந்த இடத்துக்கும் காத்திருந்து தன்னுடையதையும் அதற்குள் இறக்கிவைத்துக்கொண்டாள். துருதுரு மட்டும் அந்த விளையாட்டில் சேரவில்லை. உன் பாட்டுக்கு என் நெஞ்சு தாளம் போடணுமா என்று கேட்டது அவளுக்கு மட்டும்தானே காதில் நின்றது.

அப்புறம் ஒரு நாள். உருளை பழுதாகிவிட்டது. அதைப் பிரித்துப் போட்டு மெக்கானிக் உள்ளே தலையை விட்டுக்கொண்டிருந்தார். இயந்திரங்களையும் நிறுத்திவிட்டார்கள். சேர்ந்து கிடந்த விரிப்புகளை மடித்துத் தீர்க்கச் சொன்னார்கள். கூடம் அவ்வளவு அமைதியாக இருந்து யாரும் பார்த்ததில்லை. ஒலிப்பெட்டியில் பாட்டு மட்டும். அந்த அமைதியில் சூப்பர்வைசர் கண்ணாடி அறையைவிட்டு வெளியே வந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"நாளைக்கு ஆஸ்பத்திரிலேர்ந்து பார்க்க வராங்க. இருமல் இருக்கறவங்க இங்க இருக்கக்கூடாதுன்னு மேல கண்டிப்பா சொல்லிட்டாங்க. மறைக்காதீங்க. எனக்கு யாரையும் அனுப்ப ஆசை இல்ல. ஆனா நானே கண்டுபுடிச்சா அப்புறம் பேச்சே கிடையாது."

சொல்லிவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மேசைகளுக்கு நடுவே மெதுவாக நடந்தார். காதால் நடந்தார் என்றே சொல்ல வேண்டும்.

விரிப்பின் மறுமுனையில் துருதுரு கண்டாள். அக்காவின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. உதட்டை உள்ளே மடித்துக் கடித்திருந்தாள். கண் சிவந்து, நெற்றி வியர்த்து, விரிப்பைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. இருமல் கிளம்பிவிட்டது; அந்த நெடிய உடம்பில் பாதி வழி ஏறியும் விட்டது. சீற உருளை இல்லை. பாடலாம் என்றால் பாட்டு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. தன் பாட்டுக்கு மேலேயே தான் எதைப் பாடுவது? கறைப் பாட்டு முடிந்தது. ஜன்னல் பாட்டு தொடங்கியது. இரண்டு பேரும் நடந்து நெருங்கினார்கள். துணி கைமாறியபோது அக்காவின் கை அனலாக இருந்தது.

"தாங்குங்கக்கா. இன்னும் கொஞ்சம்தான். அந்த இடம் வருது" என்றாள் துருதுரு உதடு அசையாமல்.

*வீதித் தூசி ஆகவே ஆகாதாம்...*

சூப்பர்வைசர் அடுத்த மேசையில் நின்றார்.

*ஜன்னலைச் சாத்தினவரே, ஒரு வார்த்தை...*

ஓட்டை திறந்தது. மேசைக்கு மேசை க்கும், க்கும். நடுவே நெட்டையக்காவின் இருமல் வெடித்தது. ஆனால் அந்த இடம் ஒரு மூச்சு நேரம்தானே. பாட்டு மேலே போய்விட்டது, விளையாட்டு இருமல்கள் நின்றுவிட்டன, அக்காவுடையது நிற்கவில்லை. துணியை வாயில் அழுத்திக்கொண்டு வளைந்தாள். சூப்பர்வைசரின் தலை அந்தப் பக்கம் திரும்பத் தொடங்கியது.

துருதுரு இருமினாள். யோசித்துச் செய்யவில்லை. விரிப்பைக் கீழே விடாமலேயே, தலையை நிமிர்த்தி, கூடம் முழுக்கக் கேட்கும்படி இருமினாள். பாடுகிற தொண்டையால் முரட்டுத்தனமாக, அசிங்கமாக. அவர் இவள் பக்கம் திரும்பினார். அவருடைய முதுகுக்குப் பின்னால் கடைசி மேசைக்காரி இருமினாள். அங்கே திரும்பினார், ஜன்னலோரம் ஒருத்தி இருமினாள். மழைக்குளத்துத் தவளைகளைப் பிடிக்கப் போனவர் மாதிரி ஆகிவிட்டார். பக்கத்தில் போனால் அங்கே நின்றது, விட்டு வந்த இடத்தில் தொடங்கியது.

"யாரு? யாரு அது? என்ன வெளையாட்டு இது?"

சுவருக்குப் போய்ப் பாட்டை நிறுத்தினார். பாட்டு நின்றால் இதுவும் நின்றுவிடும் என்று நினைத்தார் போலிருக்கிறது.

நிற்கவில்லை. விளையாட்டாகத் தொடங்கியவர்களால் இப்போது நிறுத்த முடியவில்லை. உருளைச் சத்தத்திலும், கழிப்பறையிலும், துணிக்குள்ளும், வீட்டுக்குப் போகிற பஸ்ஸிலும் ஒவ்வொருத்தியும் இத்தனை மாதமாக ஒளித்துவைத்திருந்தது, பொய்யாகத் தட்டின தட்டலில் விழித்துக்கொண்டு எழுந்துவிட்டது. ஒருத்தி மேசையைப் பிடித்துக்கொண்டு இருமினாள். ஒருத்தி மூட்டைமேல் சரிந்து இருமினாள். உருளைக்குள் தலையை விட்டிருந்த மெக்கானிக்கூட வெளியே வந்து நெஞ்சைத் தேய்த்துக்கொண்டார்.

துருதுருவும் நிறுத்தப் பார்த்தாள். தன்னுடையதுதான் பொய்யாயிற்றே, நினைத்தால் நிறுத்திவிடலாம் என்றிருந்தாள். மூச்சை இழுத்தாள். இழுத்த மூச்சு பாதியில் மாட்டிக்கொண்டது. அடியில், அவள் அதுவரை தொட்டறியாத ஓர் இடத்தில், உப்புத்தாள் உரசியது. மறுபடி இருமினாள். இந்த முறை அவள் இருமவில்லை, அது அவளை இருமியது. கண்ணில் நீர் முட்ட எதிரே பார்த்தாள். நெட்டையக்கா நிமிர்ந்து நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்குமாடி?" என்றாள்.

துருதுரு ஆமாம் என்று தலையை ஆட்டினாள். எந்நேரமும் துள்ளிக்கொண்டிருந்த அவளுடைய கால்கள் தரையில் அழுந்தி நின்றிருந்தன.

சூப்பர்வைசர் ஜன்னலோரம் போய் நின்றார். எதற்குப் போனார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. அவருடைய கை ஜன்னல் சட்டத்தில் இருந்தது. பெருவிரல், ஆணியின் துருப்பிடித்த தலையைத் தடவிக்கொண்டிருந்தது. கூடம் முழுக்க, இருமலுக்கு நடுவே, அவரையே பார்த்தது. ஒரு வார்த்தைக்காக.

அந்தப் பார்வைகளுக்குக் குறுக்கே ஒரு விரிப்பு மேலே எழுந்தது. நெட்டையக்காதான் உதறினாள், இந்தப் பக்கம் துருதுரு பிடித்துக்கொண்டாள். காற்றில்லாத அந்தக் கூடத்தில் வெள்ளைத்துணி ஒரு கணம் பாய்மரம்போல உப்பியது. அதன் பின்னால் அக்காவின் முகம் தெரியவில்லை. இருமல் மட்டும் கேட்டது, மறைவில்லாமல். துணிக்கு அடியில் அவளுடைய நீண்ட பாதங்கள் இவளை நோக்கி வந்துகொண்டிருந்தன.

அவ்வளவுதான் கண்ணுகளா. பத்திரமாக வீடு போய்ச் சேருங்கள். உங்கள் வீட்டு ஜன்னல்கள் உங்கள் கைக்குத் திறக்கட்டும். உள்ளே வருகிற காற்று, உங்கள் பிள்ளைகள் நெஞ்சு நிறைய இழுக்கிற காற்றாக இருக்கட்டும். உங்கள் வீட்டில் யாருக்கு மூச்சு முட்டினாலும், துணியின் மறுமுனையைப் பிடித்துக்கொள்ள எதிரே ஒரு கை இருக்கட்டும்.